ஆற்காட்டுக் கைவினைஞர் வளர்த்த பட்டறையின் வரலாறு எழுதப்பட வேண்டும்: மூன்று நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: யாதவ்பூர் பல்கலைக்கழகம், கொல்கத்தா, இந்திய நில அளவைத் துறை, தேராதூன், தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழு, கொல்கத்தா.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 1830ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மேத்தமேட்டிகல் இன்ஸ்ட்ருமென்ட் ஆபீஸ் என்ற பெயரில் தொடங்கி, 1957ஆம் ஆண்டில் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனமாக மாறி, நலிந்து, உற்பத்தி நின்று, இறுதியில் தன் வளாகத்தை யாதவ்பூர் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்ட ஓர் அறிவியல் கருவி நிறுவனத்தின் வரலாற்றைப் பற்றி உங்கள் மூவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நிலமும் கட்டடமும் உங்களில் ஒருவரிடம் இருக்கின்றன. அந்த நிறுவனத்தைப் பெற்றெடுத்த துறையின் ஆவணங்கள் இன்னொருவரிடம் இருக்கின்றன. ஒரு கருவியை எப்படிக் காப்பது, எப்படி மக்களுக்குக் காட்டுவது என்ற தேர்ச்சி மூன்றாமவரிடம் இருக்கிறது. மூவரும் சேர்ந்து அமர்ந்தால் அன்றி இந்த வரலாறு முழுமையாக எழுதப்படாது என்பதாலேயே தனித்தனியாக எழுதாமல் பொதுவில் எழுதுகிறேன்.

கோணங்களை அளக்கும் தொலைநோக்கிக் கருவியான தியோடலைட்டைத் தோளில் சுமந்தும் முக்காலியில் நிறுத்தியும் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு நில அளவர் என்ற முறையில் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். குறை கூறுவது என் நோக்கம் அன்று. நம் நாட்டில் அளவைப் பணியின் வரலாறு எழுதப்படும் போதெல்லாம், கருவியின் வழியே பார்த்தவர்களின் பெயர்கள் தடித்த எழுத்தில் நிற்க, அந்தக் கருவியைப் பார்க்கத் தகுந்ததாக வைத்திருந்தவர்கள் அடிக்குறிப்பில்கூட இடம் பெறாமல் போவது நெடுநாள் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை மாற்றும் வாய்ப்பு இப்போது உங்கள் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

இந்த நிறுவனம் பிறந்த காரணத்தைப் புரிந்துகொள்ள, அது பிறப்பதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப் பார்க்க வேண்டும். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தம் அடிக்கோட்டை, அதாவது நேரில் அளந்து மற்றத் தொலைவுகளைக் கோணங்களால் கணக்கிட அடிப்படையாகும் கோட்டை, அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோடுதான் பின்னர் இமயமலை வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவீட்டின் முதல் கோடு. அதை அளந்த நூறு அடி எஃகுச் சங்கிலி லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்தது. சீனப் பேரரசருக்கு மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன அறிவியல் பொருள்களோடு கிழக்கே வந்து, கைமாறி லாம்டனிடம் சேர்ந்தது. கோணங்களை அளக்க வேண்டிய பெரிய தியோடலைட் லண்டன் கேரி பட்டறையில் செய்யப்பட்டது. 36 அங்குல விட்டமுள்ள வட்டத்துடன் அரை டன் எடை கொண்ட அந்தக் கருவி, வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் சிக்கி மொரிஷியசுக்குப் போய், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநரின் பெருந்தன்மையால் சென்னைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு கருவி உடைந்தால் அடுத்ததற்குக் கடல் தாண்டிக் காத்திருக்க வேண்டும் என்ற நிலையிலேயே இந்நாட்டின் அறிவியல் அளவைப் பணி தொடங்கியது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டுகிறது.

உடையவும் செய்தது. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அந்தத் தியோடலைட் சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்துபோனது. கோணங்களை அளக்கும் கருவியில் வட்டம் வளைவது என்றால் அந்தக் கருவி இறந்துவிட்டது என்றே பொருள். லாம்டன் அப்படி முடிவு கட்டவில்லை. கைவினைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் அடைந்து, பெரிய பலகை ஒன்றில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து வெட்டி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் வளைந்த விளிம்பை அந்த அளவுக்கு இழுத்துக் கொண்டுவந்தார். வளைந்த ஆரைகள் சிறு மரச்சுத்தியல்களால் தட்டி நிமிர்த்தப்பட்டன. ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. லாம்டனின் மன உறுதியைப் பற்றி இந்த நிகழ்ச்சியை வைத்துப் பலர் எழுதியிருக்கிறார்கள், அது தகும். ஆனால் அந்த மரச்சுத்தியல்களைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை? வழக்கமாகச் சொல்லப்படும் வரலாற்றில் அவர்களுக்குப் பெயர் இல்லை. உலோகத்தின் இளக்கமும் இறுக்கமும் அறிந்த நம் ஊர்க் கைவினைஞர்கள் அவர்கள் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை.

கருவிக்கும் பழுதுக்கும் இப்படித் தவிக்கும் ஏற்பாடு நீடிக்க முடியாது என்பதை, லாம்டனுக்குப் பின் அந்த அளவீட்டை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் உணர்ந்திருந்தார். 1825இல் இங்கிலாந்து சென்ற அவர், 1830இல் திரும்பும்போது டிரவுட்டன் அண்ட் சிம்ஸ் நிறுவனம் செய்த புதிய 36 அங்குலத் தியோடலைட்டையும், சிறிய தியோடலைட்டுகளையும், கோல்பி வடிவமைத்த ஈடுசெய்யும் அளவுகோல்களையும் கொண்டுவந்தார். அந்த அளவுகோல்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெயிலில் இரும்பு நீளும், பித்தளை அதைவிடக் கூடுதலாக நீளும். இரண்டையும் பத்தடி நீளத்தில் அருகருகே வைத்து நடுவில் பிணைத்து, இரு முனைகளிலும் ஒரு சிறு நாக்கைப் பொருத்தினால், இரண்டின் நீட்சி வேறுபாடு அந்த நாக்கைச் சாய்க்கும். அந்தச் சாய்வில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். இரு முனைகளின் அசையாப் புள்ளிகளுக்கு இடையேயான தொலைவுதான் அளவு. வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. இதைக் கொண்டு 1831-32இல் கல்கத்தாவில் பாரக்பூர் சாலையை ஒட்டி அடிக்கோடு அளக்கப்பட்டது. பின்னர் தேராதூனிலும் சிரோஞ்சிலும் பீதரிலும் அளக்கப்பட்டன.

எவரெஸ்ட் கொண்டுவந்தவற்றுள் இந்த மடலுக்கு இன்றியமையாதது கருவி அன்று, மனிதர். ஹென்றி பாரோ என்ற லண்டன் கருவி வினைஞர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணிதக் கருவி செய்பவராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அவரை வைத்து 1830இல் தொடங்கப்பட்டதுதான் நாம் பேசும் அலுவலகம். கருவிகளைச் சேமித்து வைப்பது, அரசுத் துறைகளுக்கு வழங்குவது, பழுதுபார்ப்பது, தேவைப்பட்டால் புதிதாகச் செய்வது ஆகியவை அதன் பணிகள். லாம்டன் காலத்துக் கேரி தியோடலைட்டுக்கு மறுவாழ்வு கொடுத்தவரும் பாரோதான். ஆனால் அவருக்கும் எவரெஸ்டுக்கும் ஒத்துப்போகவில்லை. 1839இல் அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். லண்டன் திரும்பிய அவர் அங்கே கருவி செய்யும் தொழிலை நடத்தி, புவிக்காந்தத்தின் சாய்வை அளக்கும் கருவிகளால் பெயர் பெற்றார்.

பாரோவின் இடத்துக்கு எவரெஸ்ட் யாரைப் பரிந்துரைத்தார் என்பதுதான் இந்த நிறுவனத்தின் வரலாற்றில் நான் மிகவும் போற்றும் பக்கம். சையத் மீர் முஹ்சின் உசேன் ஆற்காட்டைச் சேர்ந்தவர். சென்னையில் ஒரு நகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். சென்னைப் படையில் நெடுங்காலம் இருந்து, பின்பு தலைமை நில அளவராகக் கல்கத்தாவுக்குப் போன வாலண்டைன் பிளாக்கரின் கண்ணில் பட்டு, 1820களின் நடுவில் கருவிகளைப் பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கல்லூரியோ வானியல் கூடமோ அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நகைப் பட்டறையின் நுணுக்கம்தான் அவருடைய முதல் பள்ளி. 1830இல் பாரோ வந்தபோது அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, லண்டன் பட்டறை மரபில் வந்த எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். எவரெஸ்ட் அவரைத் தம் களப்பணிக்கும் அழைத்துக்கொண்டார். விண்மீன்களின் உயரத்தைக் கண்டு அட்சரேகையை நிர்ணயிப்பதற்கென்று லண்டனிலிருந்து வந்த பெரிய வானியல் வட்டக் கருவிகள் உறுதியற்றவை என்று தெரியவந்தபோது, அவற்றைத் திருத்தி அமைத்துப் பணிக்கு உகந்தவை ஆக்கியதில் முஹ்சின் உசேனின் பங்கு பெரியது.

இந்தத் திருத்தம் எவ்வளவு கடினமானது என்பது கருவியோடு பழகாதவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 36 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் ஒரு பாகை என்பது விளிம்பில் சுமார் எட்டு மில்லிமீட்டர். அந்த எட்டு மில்லிமீட்டரை அறுபதாகப் பிரித்தால் ஒரு நிமிடம். அதை மீண்டும் அறுபதாகப் பிரித்தால் ஒரு விநாடி. அப்படியானால் ஒரு விநாடிக் கோணம் அந்தப் பெரிய வட்டத்தின் விளிம்பில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். வட்டத்தில் ஒரு கோடு அந்த அளவுக்கு விலகிக் கீறப்பட்டிருந்தால், 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலை உச்சியின் இடம் கால் மீட்டர் விலகித் தெரியும். அந்த விலகல் அடுத்த முக்கோணத்துக்கும் அதற்கடுத்ததற்கும் சுமத்தப்படும். வட்டத்தின் மையமும் அச்சின் மையமும் ஒன்றாக அமையாமல் போனால் இன்னொரு பிழை. தொலைநோக்கியின் குழல் தன் எடையால் நுனியில் தாழ்ந்தால் வேறொரு பிழை. இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பது வானியலாளரின் வேலை என்றாலும், கண்டுபிடித்ததை உலோகத்தில் சரிசெய்வது அரத்தையும் கீறும் ஊசியையும் பிடித்தவரின் வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே, விரலின் சூடுகூட உலோகத்தை நீட்டிவிடும் என்று அறிந்து செய்யும் வேலை அது.

பாரோ போன பின் அந்தப் பதவியை முஹ்சின் உசேனுக்கு வழங்க வேண்டும் என்று எவரெஸ்ட் வலியுறுத்தினார். கம்பெனியின் இயக்குநர்கள் தயங்கினார்கள். லண்டனிலிருந்து வந்த ஒருவர் வகித்த பதவியை, அதே பெயரோடு, இந்நாட்டவர் ஒருவருக்குத் தர அவர்களுக்கு மனம் வரவில்லை. எவரெஸ்ட் ஓய்வுபெற்ற 1843ஆம் ஆண்டில்தான் அது நடந்தது. அதன் பின் 1864இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இந்தியாவின் மாபெரும் அளவைப் பணிக்கான கருவிகளைக் கவனித்த அலுவலகத்தில் முதன்மைக் கருவி வினைஞராக ஆற்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அந்த இருபது ஆண்டுகள் எவை என்பதை நினைத்துப் பாருங்கள். எவரெஸ்டுக்குப் பின் தலைமை நில அளவராக வந்த ஆண்ட்ரூ வா தலைமையில் இமயமலைச் சிகரங்களை நோக்கித் தியோடலைட்டுகள் திருப்பப்பட்டதும், 1849இல் நிக்கல்சன் 24 அங்குலக் கருவியால் பதினைந்தாம் சிகரத்தைக் கவனித்ததும், ராதாநாத் சிக்தார் தலைமையிலான கணிப்பாளர்கள் அதன் உயரத்தைக் கணித்ததும், 1856இல் 29,002 அடி என்று அது அறிவிக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் வைக்கப்பட்டது. சிக்தாரின் பெயரை வங்காளம் மறக்கவிடவில்லை. அண்மைப் பத்தாண்டுகளில் நாடும் அவரை நினைவுகூரத் தொடங்கியிருக்கிறது. முஹ்சின் உசேனின் பெயரை ஆற்காட்டில் யாரேனும் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு அவர் அறிமுகமாகவே இல்லை.

அவருக்குப் பிந்தைய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1860களில் கர்னல் அலெக்சாண்டர் ஸ்டிரேஞ்ச் லண்டன் லாம்பெத்தில் ஒரு சோதனைக்கூடம் அமைத்து, இந்தியாவுக்கென வாங்கப்படும் அறிவியல் கருவிகளை அங்கே சோதித்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். கருவிகளின் தரம் அதனால் உயர்ந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பெரிய கருவிகள் லண்டனிலேயே செய்யப்பட்டு லண்டனிலேயே சோதிக்கப்பட்டு வர வேண்டும் என்ற முறை நிலைபெற்றபோது, கல்கத்தாப் பட்டறை பழுதுபார்க்கும் இடமாகவும் சிறு கருவிகள் செய்யும் இடமாகவும் சுருங்கியது. ஒரு வட்டத்தைப் பிரித்துக் கீறும் ஆற்றல் பெற்ற பட்டறை, அதே காலத்தில் ஜெர்மனியின் ஜேனாவில் நடந்ததுபோல உற்பத்தி நிறுவனமாக வளர்ந்திருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. கார்ல் சைஸ் ஜேனாவில் தம் பட்டறையைத் தொடங்கியது 1846இல், அதாவது முஹ்சின் உசேன் பதவியேற்று மூன்று ஆண்டுகள் கழித்து. அங்கே ஏர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியலாளரும் ஓட்டோ ஷாட் என்ற கண்ணாடி வேதியியலாளரும் அந்தப் பட்டறையோடு சேர்ந்தார்கள். இங்கே பட்டறைக்கும் ஆய்வுக்கும் இடையில் அப்படியொரு சேர்க்கை ஏற்படக் காலனி அரசு இடம் தரவில்லை. கையின் திறமை குறைந்ததால் நேர்ந்த தேக்கம் அன்று அது.

இரண்டாம் உலகப் போர் அந்த நிலையைக் கொஞ்சம் அசைத்தது. கப்பல்கள் வராதபோது படைக்கு வேண்டிய ஒளியியல் கருவிகளை இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பின், நம் கருவிகளை நாமே செய்ய வேண்டும் என்ற கொள்கையின் பயனாக 1957இல் அது நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அரசு நிறுவனம் ஆயிற்று. யாதவ்பூரில் தொழிற்சாலை இயங்கியது. அதே யாதவ்பூரில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆத்மா ராம் தலைமையில் ஒளியியல் கண்ணாடி செய்யும் முறை கண்டறியப்பட்டது. ஜேனாவில் முந்தைய நூற்றாண்டில் நிகழ்ந்த அந்தச் சேர்க்கை கடைசியில் ஒரே ஊரின் இரு வளாகங்களுக்கு இடையே நிகழக்கூடும் என்ற நம்பிக்கை அன்று இருந்திருக்க வேண்டும். தியோடலைட்டுகள், மட்டக் கருவிகள், நுண்ணோக்கிகள், இருகண் தொலைநோக்கிகள், பின்னாளில் நேஷனல் 35 என்ற புகைப்படக் கருவி என்று அந்தத் தொழிற்சாலை செய்த பொருள்கள் நாடு முழுவதும் போயின. பாலிடெக்னிக் ஆய்வுக்கூடங்களிலும் பொதுப்பணித் துறை அலுவலகங்களிலும் என் வயதுக்காரர்கள் தொட்டுப் பழகிய கருவிகளில் பல அங்கிருந்து வந்தவை. அவற்றின் திருகைத் திருப்பும்போது விரலுக்குத் தெரியும் அந்த இழைவை மறக்க முடியாது.

ஆனால் காலம் இரக்கம் காட்டவில்லை. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமாக உருப்பெற்ற அதே 1957இல் தென்னாப்பிரிக்காவில் டிரெவர் வாட்லி உருவாக்கிய டெலுரோமீட்டர் சந்தைக்கு வந்தது. நுண்ணலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு பத்துப் பத்தாகக் கிலோமீட்டர்களை அளக்கும் கருவி அது. அதுவரை தொலைவை அளப்பதுதான் கடினம், கோணத்தை அளப்பது எளிது. அதனால்தான் உலகம் முழுவதும் முக்கோணங்களால் அளந்தார்கள். அந்தக் கணக்கே மாறிவிட்டது. பின்னர் கோணத்தையும் தொலைவையும் ஒருங்கே மின்னணுவில் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் வந்தது. செயற்கைக்கோள் வந்தது. 1991க்குப் பின் இறக்குமதிக் கதவும் திறந்தது. பித்தளையிலும் கண்ணாடியிலும் தேர்ந்த ஒரு தொழிற்சாலை மின்னணுவுக்கு மாற முதலீடும் ஆய்வும் வேண்டும். இரண்டும் போதிய அளவில் வரவில்லை. நலிந்த நிறுவனங்களைக் கவனிக்கும் வாரியத்தின் முன் நின்ற பொதுத்துறை நிறுவனங்களில் அதுவும் ஒன்றாயிற்று. கடைசியில் உற்பத்தி நின்றது. தொழிலாளர்களின் திறமையின்மையால் அது மூடப்பட்டது என்று எளிதாகச் சொல்லிவிடும் பேச்சை நான் ஏற்கவில்லை. ஒரு மைக்ரானுக்குள் கண்ணாடியைத் தேய்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை.

இனி, பழைய கருவிகளின் வரலாறு ஏன் இன்று யாருக்காவது முக்கியமாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். பெருமைக்காக என்று மட்டும் சொன்னால் அது பாதி விடைதான். லாம்டனும் எவரெஸ்டும் அளந்த தீர்க்கரேகை வளைவிலிருந்து 1830இல் எவரெஸ்ட் கணித்த புவியின் வடிவம், அவர் பெயராலேயே எவரெஸ்ட் நீள்கோளம் என்று வழங்கி, நூறாண்டுக்கும் மேல் இந்திய வரைபடங்களின் அடித்தளமாக இருந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் பொதுமக்களுக்கான வரைபடங்கள் உலகப் பொது அமைப்புக்கு மாறின. எவரெஸ்ட் நீள்கோளத்தின் நில நடுக்கோட்டு ஆரம், இன்று செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் ஆரத்தைவிட ஏறத்தாழ 860 மீட்டர் குறைவு. புவியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதும், ஒரு துணைக்கண்டத்தின் வளைவை வைத்து உலகம் முழுவதையும் கணித்ததும் அந்த வேறுபாட்டின் பெரும் பகுதிக்குக் காரணம். ஆனால் அந்த வளைவின் தென்பகுதிக் கோணங்களை அளந்தது தஞ்சையில் வளைந்து நிமிர்த்தப்பட்ட அதே கருவி என்பதையும், பிற்காலத்தில் தெற்கின் முக்கோணங்கள் மறுபடி அளக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பழைய அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்பது, அந்தக் கருவி எப்போது விழுந்தது, யார் அதைச் சரிசெய்தார், எதைக் கொண்டு சோதித்தார் என்ற பட்டறைப் பதிவைப் பொறுத்தது. நிலம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, மலை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிடும் ஆய்வாளருக்கு அந்தப் பதிவு அறிவியல் தரவு.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன். யாதவ்பூர் பல்கலைக்கழகத்திடம் நான் முதன்மையாகக் கேட்பது, அந்த வளாகத்தோடு வந்து சேர்ந்த எதையும், அது துருப்பிடித்த இரும்பாக இருந்தாலும் கட்டுக் கட்டான பழைய தாளாக இருந்தாலும், பட்டியலிடாமல் ஏலத்துக்கோ குப்பைக்கோ அனுப்பிவிடக் கூடாது என்பதுதான். வரைபடத் தாள்கள், சோதனை அறிக்கைகள், பயிற்சியாளர் பதிவேடுகள், கண்ணாடி தேய்க்கும் வார்ப்புகள், வட்டத்தைப் பிரிக்கும் இயந்திரத்தின் பாகங்கள் ஆகியவை தனித்தனியே பார்த்தால் மதிப்பற்றவையாகத் தோன்றலாம். ஒரு தியோடலைட்டின் வரைபடத்தோடு அதன் சோதனை அறிக்கையையும் அதைச் செய்த வார்ப்பையும் சேர்த்து வைத்தால்தான் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை நாளை ஒரு மாணவர் புரிந்துகொள்ள முடியும். உங்களிடம் இயந்திரப் பொறியியல் துறை இருக்கிறது, வரலாற்றுத் துறையும் இருக்கிறது. இரு துறை மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய இப்படியொரு பணி வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்திருக்காது.

அதைவிட அவசரமானது மனிதர்களின் நினைவு. தாள் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். அந்தத் தொழிற்சாலையின் ஒளியியல் பிரிவிலும் வட்டம் கீறும் பிரிவிலும் பணியாற்றியவர்கள் முதுமையை எட்டிவிட்டார்கள். வில்லை சரியாகத் தேய்ந்துவிட்டது என்பதை எதை வைத்து அறிந்தீர்கள், அச்சைப் பொருத்தும்போது எண்ணெயின் தடிப்பை எப்படித் தீர்மானித்தீர்கள், நுண்ணளவைப் படிக்க உதவும் வெர்னியர் அளவுகோலில் ஒரு கோடு பிசகினால் என்ன செய்தீர்கள் என்றெல்லாம் அவர்களிடம் கேட்டு, அவர்களுடைய வங்காளத்திலேயே, அவர்கள் பயன்படுத்திய பட்டறைச் சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். கேள்வி கேட்பவர் அந்த வேலையின் அருமை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தெரியாதவர் கேட்டால் பதில் சொல்பவரும் பொதுவாகவே சொல்லி முடித்துவிடுவார். நிர்வாக இயக்குநர்களின் பேட்டிகள் பிறகு வரட்டும்.

இந்திய நில அளவைத் துறையிடம் கேட்பது வேறு. 1767 முதல் நீளும் உங்கள் வரலாற்றில் கருவி அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்து, பொருள் பதிவேடுகள், பழுதுபார்ப்புக் கணக்குகள் ஆகியவற்றில் எஞ்சியிருப்பவற்றை எண்மமாக்கி, ஆய்வாளர்கள் அனுமதிக் கடிதம் தேடி அலையாமல் படிக்கும்படி திறந்துவிடுங்கள். இருநூறாண்டுக்கு முந்தைய ஒரு திருகின் கணக்கால் நாட்டின் பாதுகாப்புக்கு எந்தக் கேடும் வராது. தேராதூனில் நீங்கள் காத்து வைத்திருக்கும் கருவிகளின் விளக்கப் பலகைகளில், லண்டனில் செய்தவர் பெயருக்கு அடுத்து, இங்கே அதைத் திருத்தியவர், மறுபடி கோடு கீறியவர் பெயரையும் எழுதுங்கள். கேரி செய்த தியோடலைட்டின் இன்றைய உடல் கேரி மட்டும் செய்தது அன்று. தஞ்சை விபத்துக்குப் பின் அதை நிமிர்த்தியவர்களும், கால் நூற்றாண்டு கழித்து அதைப் புதுப்பித்த பாரோவும் சேர்ந்து செய்தது. அந்த உண்மை பலகையில் இருந்தால் கருவியின் மதிப்பு கூடும்.

தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுவுக்கு ஒரு முன்மாதிரியை நினைவூட்ட விரும்புகிறேன். சார்லஸ் டார்வினின் மகன் ஹோரஸ் டார்வின் வளர்த்த கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனத்தில் 1898இல் உதவியாளராகச் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த ராபர்ட் விப்பிள், தாம் வாழ்நாள் முழுதும் சேர்த்த பழைய கருவிகளையும் நூல்களையும் 1944இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் இன்று அறிவியல் வரலாறு கற்பிக்கும் துறையோடு இணைந்து இயங்குகிறது. மாணவர்கள் அங்கே கருவியை நூலைப் போலப் படிக்கிறார்கள். அந்த நிறுவனமோ விற்கப்பட்டும் இணைக்கப்பட்டும் தன் பெயரையே இழந்துவிட்டது. நிறுவனம் போன பிறகும் அதன் அறிவு ஒரு பல்கலைக்கழகத்தின் பாடமாக நிற்க முடிந்தது, உரிய நேரத்தில் ஒருவர் சேர்த்து வைத்ததால். கொல்கத்தாவில் நிறுவனத்தின் வளாகமே பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது; உங்கள் தலைமையகமும் அதே நகரில் இருக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் சேராவிட்டால் அது பெரும் வருத்தத்துக்குரியது.

உங்கள் பயணக் கண்காட்சிகள் ஊர் ஊராகப் போகின்றன என்பதை அறிவேன். இந்த நிறுவனத்தின் வரலாற்றை ஒரு கண்காட்சியாக அமைத்தால், அது கொல்கத்தாவில் தொடங்கட்டும். ஆனால் பரங்கிமலைக்கும் தஞ்சைக்கும் ஆற்காட்டுக்கும் வர வேண்டும். முஹ்சின் உசேனின் உருவப்படம் கிடைக்காவிட்டால் கற்பனையாக வரைந்து வைக்க வேண்டாம். அவர் கைபட்ட கருவி ஒன்று போதும். அதன் வட்டத்தை ஓர் உருப்பெருக்கியின் கீழே வைத்து, பார்க்கும் பிள்ளைகள் தாங்களே இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் படித்துப் பார்க்கும்படி செய்யுங்கள். நகைக் கடையில் தொடங்கிய ஒரு கை எந்த அளவுக்கு நுணுக்கத்தை எட்டியது என்பதை நூறு வாக்கியங்களைவிட அந்தப் பார்வை தெளிவாகச் சொல்லும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டராகவும் டர்னராகவும் படிக்கும் மாணவர்களை அந்தக் கண்காட்சிக்கு முதலில் அழையுங்கள். கருவியைச் செய்பவரும் அறிவியலாளர்களின் வரிசையில் நிற்கத் தகுந்தவர் என்பதை அவர்களுக்கு இதுவரை யாரும் சான்றோடு காட்டியதில்லை.

இவற்றைத் தொடங்கப் பெரிய தொகை தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று நிறுவனங்களிலிருந்தும் ஒவ்வொருவர், அவர்களோடு அந்தத் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள் இருவர், கருவிகளின் வரலாறு தெரிந்த ஆய்வாளர் ஒருவர் என்று ஒரு சிறு குழுவை அமைத்து, அந்த வளாகத்தில் எஞ்சியிருப்பவற்றின் பட்டியலை முதலில் எடுங்கள். அந்தப் பட்டியலைப் பொதுவில் வெளியிடுங்கள். அதில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய பகுதிகளைத் தமிழில் எழுதித் தரவும், நம் பக்கத்தில் பழைய நேஷனல் கருவிகள் எந்தெந்தக் கல்லூரிகளில், அலுவலகங்களில் கிடக்கின்றன என்று தேடித் தொகுக்கவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற நில அளவர்கள் பலர் ஊதியம் எதிர்பாராமல் வருவார்கள். உங்கள் பதில் பட்டியலின் தேதியோடு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
தமிழ்நாடு